கொசு முட்டையிடும் இடத்தைத் தேடியவர்: சர் மால்கம் வாட்சன்

கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம், காப்பார் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? வழி நெடுகிலும் நிலம் தட்டையாகவே இருக்கும். அதே கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி உலு சிலாங்கூர்ப் பக்கம் போனால், நிலம் மெல்ல மெல்ல மேடேறிக் குன்றுகளாக மாறிவிடும். இன்று நமக்கு இது பேருந்துச் சன்னலில் தெரியும் காட்சி மட்டுமே. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்ய வந்த நம் முன்னோருக்கு நிலைமை வேறு. தாங்கள் குடியேறிய இடம் சமவெளியா, குன்றா என்பது அவர்களின் உயிரோடு விளையாடிய விஷயம். ஏனென்றால் இந்த இரண்டு நிலங்களிலும் இரண்டு வெவ்வேறு கொசுக்கள் முட்டையிட்டன.

இந்த வேறுபாட்டைத் தோட்டம் தோட்டமாக நடந்து கண்டறிந்தவர் சர் மால்கம் வாட்சன். மலேரியா என்றதும் மாணவர்கள் ரொனால்டு ராஸ் பெயரைச் சொல்வார்கள். கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்று நிரூபித்தவர் அவர். அந்த உண்மையை வைத்துக்கொண்டு மனிதர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று நம் மண்ணில் காட்டியவர் வாட்சன். அவருடைய கதை சிலாங்கூரின் கதை. தோட்டத் தமிழர்களின் கதையும்கூட. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதை இளையோருக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

ஸ்காட்லாந்திலிருந்து கிள்ளானுக்கு

மால்கம் வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900ஆம் ஆண்டில் மலாயா அரசாங்க மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27.

அவர் வந்த காலத்தைக் கவனியுங்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். அதாவது, அந்த அறிவுக்கு வயது நான்குகூட நிறையவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று பல மருத்துவர்களும் அதிகாரிகளும் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். நம்மவர்களோ தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். காட்டுக் காற்று பட்டுவிட்டது என்பார்கள்.

கிள்ளான் அப்போது சிறிய ஊர். வீடுகளுக்குப் பின்னாலேயே சதுப்பும் காடும் தொடங்கிவிடும். மருத்துவமனையில் காய்ச்சல்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். 1901 செப்டம்பரில் அருகிலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று ஆலோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

வாட்சன் எளிமையான ஒரு வழியைச் சொன்னார். ஊரைச் சுற்றியுள்ள காட்டை வெட்டுங்கள். சதுப்பில் வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கடல் நீர் ஏறாமல் வரப்பு கட்டுங்கள். ஆளுக்கொரு கொசுவலை கொடுப்பதையும் குவினைன் மருந்து கொடுப்பதையும்விட, கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்வது நிலையான தீர்வு என்பது அவர் எண்ணம். அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 59 ஆகக் குறைந்தது. 1903இல் 46. பின்னர் 1910இல் ரொனால்டு ராஸ் மலேரியாத் தடுப்பு பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டபோது, மலாயா பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு வாட்சனுக்குக் கிடைத்தது.

கொசு ஏன் கடிக்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் பார்ப்போம். வாட்சனின் வெற்றிக்கும் பின்னர் அவர் சந்தித்த சோதனைக்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது.

கொசுவுக்கு அன்றாட உணவு பூந்தேனும் செடிச்சாறும்தான். ஆண் கொசு கடிப்பதே இல்லை. பெண் கொசு கடிப்பது முட்டைக்காக. முட்டைக்குள் கரு உருவாகப் புரதம் வேண்டும். அது இரத்தத்தில் இருக்கிறது. வயிறு நிறைய இரத்தம் குடித்ததும் கொசுவின் மூளையிலிருந்து ஓர் இயக்குநீர் சுரக்கிறது. அது முட்டைப்பையைத் தூண்டுகிறது. முட்டைப்பை இன்னோர் இயக்குநீரைச் சுரக்கிறது. அதன் கட்டளைப்படி உடலின் கொழுப்புத் திசு, முட்டைக்கு வேண்டிய கருவுணவைத் தயாரிக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முட்டைகள் முற்றிவிடும். அதுவரை கொசு பெரும்பாலும் மனிதரைத் தேடி வராது. ஓர் இடத்தில் அமர்ந்து ஓய்வெடுக்கும்.

முட்டை முற்றியதும் அதன் தேடல் மாறிவிடுகிறது. இப்போது அதற்குத் தேவை தண்ணீர். எந்தத் தண்ணீரும் சரி என்று அது இறங்கிவிடாது. ஈரக்காற்று, நீரின் மணம், வெளிச்சம், நிழல், ஓட்டம் எல்லாவற்றையும் பார்க்கும். காலால் தொட்டு நீரின் தன்மையை அறியும். ஒவ்வொரு கொசு இனத்துக்கும் அதற்கென்று ஒரு தேர்வு உண்டு. முட்டையை விட்டுப் போன பிறகு தாய் திரும்பி வந்து குஞ்சைக் காப்பாற்றப் போவதில்லை. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்தத் தாய் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் ஒரே உதவி. ரந்தாவ் அபாங் கடற்கரையில் ஏறி வந்து மணலைத் தோண்டி முட்டையிட்ட கடலாமைகளுக்கும் இதே கதைதான்.

முட்டையிட்டு முடித்ததும் கொசு அடுத்த ஈட்டு முட்டைக்காக மறுபடியும் கடிக்கக் கிளம்பும். ஆபத்து இங்கேதான். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி முதிர்ச்சியடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் கொசு சில முறை முட்டையிட்டிருக்கும். அதன் பிறகு அடுத்த முட்டைக்காக அது கடிக்கும்போது கிருமி இன்னொரு மனிதரின் இரத்தத்தில் நுழைகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் கடிக்கும் உயிராகக் கொசு இருந்திருந்தால் மலேரியா பரவியே இருக்காது.

குன்றுகளில் வந்த சோதனை

கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான கொசு அனோபிலிஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கி நிற்கும் கறுத்த சதுப்பு நீர்தான் அது முட்டையிட விரும்பும் இடம். மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டு, வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. கிள்ளானில் நடந்தது இதுதான். கிள்ளானிலிருந்து வடக்கே நீளும் சமவெளியில் ரப்பர் பயிராகத் தொடங்கியபோது, காடு வெட்டிக் கால்வாய் வெட்டிய தோட்டங்களிலும் காய்ச்சல் குறைந்தது.

ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சிலாங்கூர் முழுவதும் புதிது புதிதாகத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். இவர்கள்தான் காட்டை வெட்டி, தீ வைத்து, கன்று நட்டார்கள். லயத்தில் பத்தடி அறையில் ஒரு குடும்பம். ஊரில் பார்த்திராத காய்ச்சல். சில தோட்டங்களில் ஓராண்டுக்குள் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்தில் ஒருவர் என்றால் ஒவ்வொரு லயத்திலும் சாவு விழுந்தது என்று பொருள்.

வாட்சன் சில ஆண்டுகளுக்குப் பின் அரசாங்கப் பணியை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். நோயின் அளவை அறிய அவர் கையாண்ட முறை எளிமையானது. மலேரியா அடிக்கடி வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கிவிடும். அவர் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வயிற்றின் இடப்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பார். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுப்பார். பிள்ளைகள் வசிக்கும் லயம் காட்டுச் சதுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வார். சதுப்பை ஒட்டிய லயங்களில் வீக்கம் அதிகம்; தள்ளியிருந்த லயங்களில் குறைவு. அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு ஆதாரமாக நின்றவர்கள் இந்தத் தமிழ்ப் பிள்ளைகள்.

அடுத்து அவர் குன்றுப் பகுதித் தோட்டங்களைப் பார்த்தார். சமவெளியில் வெற்றி பெற்ற முறையை அங்கும் செய்திருந்தார்கள். காடு வெட்டியாயிற்று. பள்ளத்தாக்குகளில் வடிகால் வெட்டித் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்ததோ, காய்ச்சல் அவ்வளவு கொடுமையாக இருந்தது. சில இடங்களில் காடு வெட்டுவதற்கு முன்பைவிட வெட்டிய பிறகு காய்ச்சல் கூடியிருந்தது.

காரணத்தை அவர் தண்ணீரில் தேடினார். ஓடைகளிலும் ஊற்றுகளிலும் இருந்த கொசுப் புழுக்களைச் சேகரித்து வளர்த்துப் பார்த்தார். அவை அம்புரோசஸ் அல்ல. அங்கே இருந்தது அனோபிலிஸ் மெக்குலாட்டஸ் என்ற வேறோர் இனம். அதற்கு நிழல் பிடிக்காது, சதுப்பும் பிடிக்காது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் அது முட்டையிடும். அதாவது, சமவெளியில் மலேரியாவை ஒழித்த அதே வேலை, குன்றுகளில் மலேரியாக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தது.

தம் பெயருக்குப் புகழ் சேர்த்த முறையே வேறோர் இடத்தில் ஆட்களைக் கொல்கிறது என்பதை ஏற்றுக்கொள்வது எளிதன்று. வாட்சன் அதை மறைக்கவில்லை. 1911இல் வெளிவந்த தம் நூலில் மலாயா மலேரியாவைப் பற்றி எழுதியபோது, சமவெளிக்கு ஒரு வழி, குன்றுக்கு வேறு வழி என்று பிரித்தே எழுதினார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

நிலத்துக்கு ஏற்ற மருந்து

குன்றுகளுக்கு என்ன செய்வது? ஓடை நீரை மண்ணுக்கு அடியில் கொண்டுபோவது ஒரு வழி. சுட்ட மண் குழாய்களைப் பள்ளத்தாக்கில் புதைத்து, ஊற்று நீரை அதற்குள் ஓடவிட்டார்கள். மேலே தண்ணீர் இல்லையென்றால் கொசு எங்கே முட்டையிடும்? இரண்டாவது வழி எண்ணெய். பனாமாக் கால்வாய்ப் பகுதியில் தண்ணீரில் எண்ணெய் தெளித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தியதை வாட்சன் நேரில் சென்று பார்த்து வந்தார். கொசுப் புழு நீரின் மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சுவிடும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும். சீஃபீல்டு போன்ற குன்றுப் பகுதித் தோட்டங்களில் இந்த வேலைகள் நடந்தன. அந்த சீஃபீல்டு தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கிறது.

மூன்றாவது வழி, காட்டை விட்டுவைப்பது. பள்ளத்தாக்கின் ஓடைக்கு மேல் நிழல் இருக்கும்வரை மெக்குலாட்டஸ் அங்கே வராது. எல்லாக் காட்டையும் வெட்டித் தள்ளுவது நல்லது என்ற எண்ணத்தை இந்தக் கண்டுபிடிப்பு மாற்றியது. எந்தக் கொசு நோயைப் பரப்புகிறதோ அந்த இனத்தை மட்டும் குறிவைத்து, அது முட்டையிடும் இடத்தை மாற்றுவது என்ற இந்த முறையை டச்சு அறிஞர் ஸ்வெல்லென்கிரேபெல் தம் நாட்டு ஆட்சியில் இருந்த இந்தோனேசியத் தீவுகளுக்கு எடுத்துச் சென்று, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். தமிழில் அதை இனவாரித் துப்புரவு என்று சொல்லலாம்.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்திலும் ஒருவர் முதுகில் தகரத் தொட்டியைச் சுமந்துகொண்டு, ஓடை ஓரமாக எண்ணெய் அடித்துக்கொண்டு போவார். வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வருவார். மழை பெய்தாலும் விடமாட்டார். ஏன் வாரத்துக்கு ஒரு முறை என்று அப்போது எனக்குத் தெரியாது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க நம் நாட்டில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏழு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் அடித்தால் எந்தப் புழுவும் கொசுவாகிப் பறக்க முடியாது. ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்துக் கொசு முழுவதும் லயத்துக்கு வந்துவிடும். அந்த மனிதரின் கையில் எங்கள் எல்லாருடைய உயிரும் இருந்திருக்கிறது.

பெயர் பதியாதவர்கள்

வாட்சனுக்கு 1924இல் சர் பட்டம் கிடைத்தது. 1928இல் அவர் லண்டனுக்குச் சென்று, ராஸ் பெயரில் நிறுவப்பட்ட ஆய்வுக்கழகத்தின் மலேரியாப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பின்னர் அந்தக் கழகத்துக்கே இயக்குநரானார். சிலாங்கூரில் கற்றதை ஆப்பிரிக்காவின் செப்புச் சுரங்கப் பகுதிகளிலும் பயன்படுத்தினார். 1955இல் காலமானார்.

அவர் பெரிய மனிதர்தான். ஆனால் வரலாற்றை முழுதாகப் பார்க்க வேண்டும். தோட்ட முதலாளிகள் மலேரியாவுக்குப் பணம் செலவழித்ததற்குக் கருணை மட்டும் காரணமில்லை. ஆட்கள் படுத்துவிட்டால் பால்வெட்டு நின்றுவிடும். இறந்தவருக்குப் பதிலாக இன்னொருவரைக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செலவாகும். கணக்குப் பார்த்தால் வடிகால் மலிவு. வாட்சன் இந்தக் கணக்கை முதலாளிகளுக்குப் புரியவைத்தார். அதனால் உயிர்கள் பிழைத்தன. அந்தக் கால்வாய்களை இடுப்பளவுச் சேற்றில் நின்று வெட்டியவர்களும், குழாய் புதைத்தவர்களும், எண்ணெய் சுமந்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள். நூல்களில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கொசுவின் பெயர் இருக்கும். அவர்களின் பெயர் இருக்காது. உங்கள் வீட்டில் வயதான தாத்தா, பாட்டி இருந்தால், தோட்டத்தில் கொசு எண்ணெய் அடித்தவர் யார், டிரசர் எப்படி மருந்து கொடுத்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அதுவும் அறிவியல் வரலாறுதான்.

இன்று நம் வீட்டில்

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து காட்டுக் கொசு வழியாக வரும் மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. நம்மை இப்போது வாட்டுவது டிங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைப் பழக்கம் வேறு. சதுப்பு, ஓடை எதுவும் அதற்கு வேண்டாம். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட கூரைத் தூம்பு போதும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் இடாமல் பல இடங்களில் சிறிது சிறிதாக முட்டையிடும். தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். ஏன் வாரத்துக்கு ஒரு முறை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முட்டையிடும் இடத்தை அழித்தால் எந்தப் பூச்சியையும் ஒழித்துவிடலாம், நல்ல பூச்சியையும்தான். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். மரத்தில் மின்னும் அந்தப் பூச்சி, முட்டையிடுவது ஆற்றங்கரையின் ஈர மண்ணில். அதன் புழு அங்கேயே நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையோரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று வெட்டித் தள்ளினால், மரம் நின்றாலும் மின்மினி இருக்காது.

வாட்சனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். ஓர் ஊரில் பலித்த வழி எல்லா ஊரிலும் பலிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் குனிந்து தண்ணீரைப் பாருங்கள். அதில் எந்த உயிர் இருக்கிறது, அதற்கு என்ன தேவை என்று கேளுங்கள். மண்வெட்டியைப் பிறகு எடுக்கலாம்.